மூட்டுக் குருத்தெலும்பைக் காக்கும் சமிக்ஞை வழிகள்

மூட்டுக் குருத்தெலும்பைக் காக்கும் சமிக்ஞை வழிகள் என்பவை, மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் உயிரணுக்கள் தம்மையும் தம்மைச் சூழ்ந்துள்ள பொருளையும் சிதைவிலிருந்து காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிச் செய்தித் தொடர்கள் ஆகும். உயிரணுவின் புறத்தே உள்ள ஏற்பி ஒன்றில் ஒரு மூலக்கூறு வந்து பொருந்துவதாலோ, அழுத்தம், உயிர்வளி அளவு போன்ற சூழல் மாற்றங்களாலோ இத்தொடர் தொடங்கும். செய்தி புரதத்திலிருந்து புரதத்திற்குக் கைமாறி உயிரணுக்கருவை அடைந்து, குறிப்பிட்ட மரபணுக்களை இயக்கும் அல்லது நிறுத்தும்.

இவ்வழிகள் வலுவிழந்து, சிதைக்கும் வழிகள் மேலோங்கும்போது மூட்டுத் தேய்வு நோய் தோன்றி வளர்கிறது. பேச்சு வழக்கில் இது மூட்டுத் தேய்மானம் எனப்படுகிறது. பெயரைக் கொண்டு, வண்டிச் சக்கரம் தேய்வது போன்ற வெறும் உராய்வுத் தேய்வு என்று இதனைக் கருதுவது முழுமையாகாது. உயிரணுக்கள் பங்குகொள்ளும் உயிரியல் நிகழ்வு என்பதே இன்றைய புரிதல்.

நோயின் பரவல்

உலகளவில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 59.5 கோடிப் பேர் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்தனர் என உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் ஆக்ரா, பெங்களூர், கொல்கத்தா, தேராதூன், புனே ஆகிய நகரங்களையும் அவற்றைச் சார்ந்த பகுதிகளையும் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, முழங்கால் மூட்டுத் தேய்வு 28.7 விழுக்காட்டினருக்கு இருந்ததாகக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் மிகுதி. முதுமை, உடற்பருமன், பழைய மூட்டுக்காயம், மரபுக்கூறு, மூட்டின் மீது தொடர்ந்து விழும் தொழிற்சுமை ஆகியன முக்கிய இடர்க்காரணிகள்.

குருத்தெலும்பின் அமைப்பு

மூட்டுக் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. இதில் குருதிக் குழாய்களோ, நரம்புகளோ, நிணநீர்க் குழாய்களோ இல்லை. நரம்பு இன்மையால் தேய்வின் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. குருதிக் குழாய் இன்மையால் காயம் பட்டால் தோலைப் போல ஆறுவதும் இல்லை. ஊட்டப் பொருட்கள் மூட்டுப் பாய்மத்திலிருந்து மெல்ல ஊடுருவியே உயிரணுக்களை அடைகின்றன. மூட்டு அசையும்போது குருத்தெலும்பு அழுந்தி மீள்வது இப்பரிமாற்றத்திற்கு உதவுகிறது.

குருத்தெலும்பின் எடையில் பெரும்பகுதி நீரே. எஞ்சியதில் இரண்டு பொருட்கள் முதன்மையானவை.

கொலாசன் (இரண்டாம் வகை): கயிற்று வலை போல அமைந்து இழுவிசையைத் தாங்கும் நார்ப்புரதம். முதிர்ந்த மூட்டில் இது மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. இதன் அரைவாழ்வுக் காலம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே ஒருமுறை அறுந்த கொலாசன் வலையை வாழ்நாளுக்குள் முன்போல் நெய்து முடிப்பது உடலுக்கு இயலாத செயலாகிறது.

அக்ரிகன்: எதிர்மின்னூட்டம் மிகுந்த சர்க்கரைச் சங்கிலிகளைத் தாங்கிய பெரும் மூலக்கூறு. இது நீரை ஈர்த்து வைத்துக்கொண்டு அழுத்தத்தைத் தாங்குகிறது. கொலாசனைவிட விரைவில் புதுப்பிக்கப்படுகிறது.

இவ்விரண்டையும் ஆக்குவதும் பேணுவதும் காண்ட்ரோசைட்டு எனப்படும் குருத்தெலும்பு உயிரணுக்களே. மனித மூட்டில் இவை குருத்தெலும்பின் கொள்ளளவில் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. முதிர்ந்தபின் இவை அரிதாகவே பிரிந்து பெருகுகின்றன. ஆகவே இருக்கும் உயிரணுக்களைக் காப்பதே குருத்தெலும்பைக் காப்பதாகும். காப்பு வழிகளின் முக்கியத்துவம் இதனால் விளைவதே.

சிதைக்கும் வழிகள்

காப்பு வழிகளை விளங்கிக்கொள்ள, அவை எதற்கு எதிராக இயங்குகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

காயம், மிகைச்சுமை, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அழற்சிப் பொருட்கள் முதலியவற்றால் மூட்டில் இன்டர்லூக்கின்-1 பீட்டா, கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்கள் சுரக்கின்றன. இவை என்.எஃப்.-கப்பா-பி என்னும் புரதத்தை விடுவிக்கின்றன. இயல்பான நிலையில் இப்புரதம் ஒரு தடுப்புப் புரதத்தால் கட்டுண்டு உயிரணுக்கருவிற்கு வெளியே கிடக்கும். கட்டு அவிழ்ந்ததும் உயிரணுக்கருவிற்குள் நுழைந்து, சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களை இயக்கும். அந்நொதிகளுள் எம்.எம்.பி.-13 கொலாசனையும், அடாம்ட்சு-4, அடாம்ட்சு-5 ஆகியன அக்ரிகனையும் வெட்டுகின்றன. அடாம்ட்சு-5 நொதி செயலிழக்கச் செய்யப்பட்ட எலிகளில் குருத்தெலும்புச் சிதைவு பெரிதும் குறைவதை 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

வெட்டுண்ட கொலாசன், ஃபைப்ரோனெக்டின் துண்டுகளே உயிரணுக்களை மீண்டும் தூண்டி மேலும் நொதிகளைச் சுரக்கச் செய்கின்றன. இவ்வாறு சிதைவு சிதைவையே வளர்க்கும் சுழற்சி ஏற்படுகிறது. மிகையான விண்ட்/பீட்டா-கேட்டனின் வழியும், எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபா என்னும் புரதமும் இதே திசையில் செயல்படுகின்றன.

காக்கும் வழிகள்

டி.ஜி.எஃப்.-பீட்டா வழி

மாற்று வளர்ச்சிக் காரணி-பீட்டா குருத்தெலும்பின் முதன்மையான காவலர்களுள் ஒன்று. இது ஆல்க்-5 என்னும் ஏற்பியின் வழியாக சுமாட்-2, சுமாட்-3 புரதங்களை இயக்கும்போது, கொலாசன், அக்ரிகன் ஆக்கம் கூடுகிறது. உயிரணுக்கள் முதிர்ந்து எலும்பாகும் போக்கு தடைப்படுகிறது. சுமாட்-3 இல்லாத எலிகள் மூட்டுத் தேய்வு போன்ற நோயைப் பெறுவது 2001இல் காட்டப்பட்டது. மனிதரில் இதே மரபணுவில் ஏற்படும் பிறழ்வு, நாடி வீக்கத்துடன் இளம் வயதிலேயே மூட்டுத் தேய்வையும் தருவதை 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

எனினும் ஒரே மூலக்கூறு இடத்திற்கேற்பக் காக்கவும் சிதைக்கவும் கூடும். வயது ஏறும்போது ஆல்க்-5 ஏற்பி குறைந்து ஆல்க்-1 ஏற்பியின் பங்கு மேலோங்குகிறது. அப்போது அதே டி.ஜி.எஃப்.-பீட்டா, சுமாட்-1, 5, 8 வழியே எம்.எம்.பி.-13 நொதியைத் தூண்டுகிறது. குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பில் இது மிகையானால் மூட்டுத் தேய்வு விரைவுபடுவதும் 2013இல் எலிகளில் காட்டப்பட்டது.

வளர்ச்சிக் காரணிகளின் வழிகள்

இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணி-1, பி.ஐ.3-கைனேசு, ஏ.கே.டி. ஆகிய நொதிகளின் வழியே அக்ரிகன் ஆக்கத்தைத் தூண்டி, உயிரணு மடிவதைத் தடுக்கிறது. நோயுற்ற மூட்டின் உயிரணுக்கள் இதற்குச் செவிசாய்ப்பது குறைகிறது. நார்முன்உயிரணு வளர்ச்சிக் காரணிகளின் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.எஃப்.-18, மூன்றாம் ஏற்பியின் வழியே குருத்தெலும்பு ஆக்கத்தைத் தூண்டுகிறது. எலும்பு ஆக்கப் புரதம்-7 என்பதும் இவ்வகையினதே.

குறை உயிர்வளி வழி

குருதி ஓட்டமற்ற குருத்தெலும்பில் உயிர்வளி மிகக் குறைவு. உயிரணுக்கள் அச்சூழலில் வாழத் துணைநிற்பது எச்.ஐ.எஃப்.-1 ஆல்ஃபா ஆகும். இது உயிர்வளியை மிகுதியாக நாடாமல் சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெறும் முறையை இயக்குவதோடு, குருத்தெலும்பு மரபணுக்களின் தலைமைப் புரதமான சாக்சு-9க்கும் ஆதரவளிக்கிறது. இதன் உறவுப் புரதமான எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபா சிதைக்கும் பக்கத்தில் நிற்பது குறிப்பிடத்தக்கது. உயிரணுக்கள் உயிர்வளி அளவை உணரும் முறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தன்விழுங்கல் வழி

உயிரணு தன் பழுதடைந்த உறுப்புகளையும் புரதங்களையும் தானே செரித்து மீள்பயன் கொள்வது தன்விழுங்கல் எனப்படும். இதன் மரபணுக்களைக் கண்டறிந்த சப்பானிய அறிவியலாளர் யோசினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். பிரிந்து பெருகாத குருத்தெலும்பு உயிரணுவிற்கு இத்தூய்மைப்பணி இன்றியமையாதது. வயதாகும்போது இது குன்றுகிறது.

ஊட்டம் மிகுந்திருக்கையில் எம்-டார் என்னும் நொதி தன்விழுங்கலை அடக்கி வைக்கிறது. ஆற்றல் குறையும்போது ஏ.எம்.பி.-கைனேசு அதனை விடுவிக்கிறது. எம்-டாரைத் தடுக்கும் ராபமைசின் என்னும் மருந்து எலிகளில் மூட்டுத் தேய்வைக் குறைப்பது 2012இல் காட்டப்பட்டது. ஈசுட்டர் தீவின் மண்ணிலுள்ள நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட இம்மருந்தை வெளிக்கொணர்ந்தவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல் ஆவார்.

சர்ட்-1, ஃபாக்சோ ஆகிய புரதங்களும் இவ்வழியோடு இணைந்தவை. ஃபாக்சோ புரதங்கள் தன்விழுங்கல் மரபணுக்களையும் உயிர்வளியேற்றக் காப்பு மரபணுக்களையும் இயக்குகின்றன. குருத்தெலும்பில் இவை நீக்கப்பட்ட எலிகள் மூட்டுத் தேய்வுக்கு ஆளாவது 2018இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

என்.ஆர்.எஃப்.-2 வழி

உயிரணுவில் தோன்றும் வினைமிகு உயிர்வளி மூலக்கூறுகள் டி.என்.ஏ.வையும் புரதங்களையும் கெடுக்கின்றன. இயல்பாக என்.ஆர்.எஃப்.-2 புரதத்தை கீப்-1 என்னும் புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். உயிர்வளியேற்ற நெருக்கடி ஏற்படின் பிடி தளர்கிறது. விடுபட்ட என்.ஆர்.எஃப்.-2 உயிரணுக்கருவை அடைந்து, ஈம் ஆக்சிசனேசு-1 முதலிய காப்பு நொதிகளை ஆக்குவிக்கிறது. இவ்வழி என்.எஃப்.-கப்பா-பி வழியையும் மட்டுப்படுத்துகிறது.

லூப்ரிசின்

குருத்தெலும்பின் மேற்பரப்பை வழுவழுப்பாக வைக்கும் புரதம் லூப்ரிசின். டி.ஜி.எஃப்.-பீட்டாவும், அளவான அசைவும், ஃபாக்சோ புரதங்களும் இதன் ஆக்கத்தைத் தூண்டுகின்றன. இதன் மரபணு பழுதுற்ற குழந்தைகள் இளமையிலேயே மூட்டுச் சிதைவுக்கு உள்ளாவது 1999இல் கண்டறியப்பட்டது.

அழுத்தத்தை உணரும் வழிகள்

குருத்தெலும்பு உயிரணு தன்மீது விழும் சுமையை அளந்தறியும் ஆற்றல் உடையது. அளவான சுமை டி.ஆர்.பி.வி.-4 என்னும் அயனி வாயிலைத் திறந்து கால்சியத்தை உள்ளே விட்டு, ஆக்க மரபணுக்களைத் தூண்டுகிறது. காயம் விளைவிக்கும் அளவிலான சுமையோ பியேசோ-1, பியேசோ-2 வாயில்களைத் திறந்து உயிரணுவை மடியச் செய்கிறது. இவ்விரு முடிவுகளும் 2014இல் வெளியாயின. பியேசோ வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர்.

எனவே சுமையே மூட்டிற்குப் பகை என்பது சரியன்று. தண்டுவடக் காயத்தால் கால்கள் அசைவற்றுப் போனவர்களின் முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவது அறியப்பட்டதே. மிகைச்சுமையும் கேடு, சுமையின்மையும் கேடு.

மருந்தாக்கும் முயற்சிகள்

வலிநீக்கி மருந்துகள் வலியைக் குறைக்கின்றனவே தவிர இழந்த குருத்தெலும்பை மீட்பதில்லை. மூட்டுத் தேய்வின் போக்கையே மாற்றும் மருந்து என ஐக்கிய அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதலைப் பெற்ற மருந்து எதுவும் இல்லை. காப்பு வழிகளைத் தூண்டவோ சிதைக்கும் வழிகளைத் தடுக்கவோ பல முயற்சிகள் நடந்துள்ளன.

சிப்ரிஃபெர்மின்: எஃப்.ஜி.எஃப்.-18 புரதத்தின் ஆய்வக வடிவம். 549 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. முழங்காலில் ஊசிவழி ஆறு மாதத்திற்கு ஒருமுறை 100 மைக்ரோகிராம் பெற்றவர்களின் குருத்தெலும்பு, இரண்டு ஆண்டுகளின் முடிவில் மற்றவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் மிகுதியாக இருந்தது. ஆயினும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பு சற்றுத் தடிப்பதும் நோயாளி நலம் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இன்வோசா: டி.ஜி.எஃப்.-பீட்டா-1 மரபணுவைத் தாங்கிய உயிரணுக்களை மூட்டில் செலுத்தும் மருத்துவம். தென் கொரியா இதற்கு 2017இல் ஒப்புதல் அளித்தது. குருத்தெலும்பிலிருந்து பெறப்பட்டவை எனக் கூறப்பட்ட உயிரணுக்கள் சிறுநீரக வழி வந்தவை என அறியவரவே 2019இல் ஒப்புதல் நீக்கப்பட்டது.

கனகினுமாப்: இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து. இதய நோயாளிகள் 10,061 பேரிடம் நடந்த ஆய்வின் தரவுகளை மீள்நோக்கியபோது, மருந்து பெற்றவர்களிடம் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தது 2020இல் தெரியவந்தது. எனினும் இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் வேறு மருந்துகளை மூட்டுத் தேய்வு நோயாளிகளிடம் நேரடியாக ஆய்ந்தபோது கிட்டிய பயன் மிகச் சிறிது.

மெட்ஃபார்மின்: நீரிழிவுக்கான இம்மருந்து ஏ.எம்.பி.-கைனேசைத் தூண்டவல்லது. உடற்பருமனும் முழங்கால் தேய்வும் உள்ள 107 பேரிடம் ஆத்திரேலியாவில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் வலி குறைந்தது. இது சிறிய ஆய்வு ஆகும்.

செமாகுளூட்டைடு: உடல் எடையைக் குறைக்கும் மருந்து. 407 பேரிடம் 68 வாரங்கள் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், எடை சராசரியாக 13.7 விழுக்காடு குறைந்ததுடன் முழங்கால் வலியும் தெளிவாகக் குறைந்தது.

பலரும் வாங்கி உண்ணும் குளுக்கோசமைன், 1,583 பேரிடம் நடந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒட்டுமொத்தமாக வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இவ்விரு ஊர்களின் வாழ்க்கைமுறை, அழுத்தம் சார்ந்த வழிகளை விளக்க ஏற்றது. இராஜபாளையம் நூற்பாலைகளுக்கும், அதனை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்கும் பெயர்பெற்றவை. ஆலைகளில் நெடுநேரம் நின்றும் நடந்தும் வேலை செய்யவேண்டியுள்ளது. வயல்களில் நாற்று நடவும் களை எடுக்கவும் பெண்கள் குனிந்தும் குத்துக்காலிட்டும் இருக்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூரின் புகழ்பெற்ற பால்கோவாவை ஆக்குபவர்கள் அடுப்பருகே நின்று பாலைக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். நெடுநேரம் குத்துக்காலிடுவது, மண்டியிடுவது, பாரம் தூக்குவது ஆகியன முழங்கால் தேய்வின் இடர்க்காரணிகள் எனப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன.

வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைக்கு அமாவாசை, பௌர்ணமி நாட்களில் திரளானோர் ஏறுகின்றனர். ஏறும்போது மூச்சு வாங்கினாலும், இறங்கும்போதே முழங்கால் சில்லின் மீது சுமை கூடுகிறது. முழங்கால் தேய்வு உள்ளவர்கள் இறக்கத்தில் கைத்தடி ஊன்றி, மெதுவாக இறங்குவது நலம்.

மூட்டுத் தேய்வு மனிதருக்கு மட்டும் உரியதன்று. நாய்களுக்கும் இது இயல்பாகவே வருகிறது. நாயின் முழங்கால் இணைநாரை வெட்டி நோயை உண்டாக்கி ஆராயும் முறை 1973இல் அறிமுகமாகி, சிதைக்கும் வழிகளைப் பற்றிய தொடக்க கால அறிவைத் தந்தது. 2005இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராஜபாளையம் நாய் போன்ற பெரிய இனங்களை வளர்ப்போரும், முதிய நாய் எழத் தயங்குவதைச் சோம்பல் எனக் கொள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் தகும்.

நாட்டு மூலிகைகள்

சதுரகிரி மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற மலை. இவ்வட்டாரத்திலும் தமிழகம் முழுவதிலும் மூட்டு வலிக்கு உண்ணப்படும் கீரை முடக்கற்றான் ஆகும். முடக்கத்தான், முடக்கறுத்தான் என்றும் வழங்கும் இக்கொடியின் பெயரே முடக்கை அறுப்பது எனப் பொருள்படும். தோசை, இரசம், துவையல் எனப் பல வகையில் இது உண்ணப்படுகிறது. திருவனந்தபுரம் இராசீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இதன் எத்தனால் சாறு, எலியின் அழற்சி உயிரணுக்களில் என்.எஃப்.-கப்பா-பி வழியை மட்டுப்படுத்தி, காக்சு-2 நொதியையும் கட்டி நசிவுக் காரணியையும் குறைப்பது கண்டறியப்பட்டது.

மஞ்சளிலுள்ள குர்க்குமினும், பறங்கிச் சாம்பிராணி மரப்பிசினும் ஆய்வகத்தில் இதே வழியை மட்டுப்படுத்துகின்றன. சில மருத்துவ ஆய்வுகளில் இவை வலியை ஓரளவு குறைத்துள்ளன.

இம்முடிவுகளைப் படிக்கையில் மூன்று வேறுபாடுகளை நினைவிற் கொள்ளவேண்டும். முதலாவது, கண்ணாடிக் கலத்திலுள்ள உயிரணு வேறு, நடமாடும் மனிதரின் முழங்கால் வேறு. இரண்டாவது, உண்ட குர்க்குமினில் மிகச் சிறு பங்கே குருதியை அடைகிறது. குருத்தெலும்பிலோ குருதிக் குழாயே இல்லை. மூன்றாவது, அழற்சி தணிவதும் குருத்தெலும்பு மீள வளர்வதும் வெவ்வேறானவை. தேய்ந்த மூட்டைப் புதிதாக்கித் தருவதாக விளம்பரம் செய்யப்படும் மருந்துகளை இவ்வாய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. சமையலில் சேர்க்கும் மஞ்சளுக்கும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைக்கும் வேறுபாடு உண்டு. பின்னதால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

நடைமுறைப் பயன்

காப்பு வழிகளைத் தூண்டும் மருந்து வரும்வரை, அவற்றைத் தூண்ட எளிதில் கிட்டுவன அசைவும் எடைக் குறைப்புமே. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக 2005இல் வெளியான ஆய்வு கண்டது. எடை குறையும்போது கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அழற்சிப் பொருட்களும் குறைகின்றன. தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி, சமதளத்தில் நடை, மிதிவண்டி ஓட்டுதல் ஆகியன அளவான சுமையைத் தருவன. வலிக்கு அஞ்சி முற்றிலும் ஓய்ந்திருப்பது தசையை மெலியச் செய்து நோயை வளர்க்கும்.

தரையில் குத்துக்காலிட்டுச் செய்யும் வேலைகளை உயரமான பலகையில் அமர்ந்து செய்வது, வேலைக்கிடையே நிலையை மாற்றிக்கொள்வது ஆகியன எளிய மாற்றங்கள். தமிழ்நாடு அரசு 2021 ஆகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிக்கும் சேவையும் அடங்கும். மூட்டு மிகவும் சிதைந்து, நடையும் உறக்கமும் கெடும் நிலையில், மூட்டு மாற்று அறுவை பயன்மிக்க மருத்துவம் ஆகும். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலுடன் வலித்தாலோ அது வேறு நோயாக இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவரை அணுகவேண்டும்.

இவற்றையும் பார்க்க

குருத்தெலும்பு
முடக்கு வாதம்
தன்விழுங்கல்
முடக்கற்றான்
சதுரகிரி
இராஜபாளையம் நாய்